நாற்பது பேருக்குத் தெரிந்தவன்

அக்டோபர் 4, 2014, சனி

யஸ்த் நகரத்து டாக்டர் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்.

"மூணு குழாய் அடைச்சிருக்கு. இருபத்தி மூணாம் தேதி திறந்து சரி பண்ணுவோம்."

"மொத்தம் எத்தனை குழாய், டாக்டர்?"

"முக்கியமானது நாலு."

"அப்ப நாலாவதும் அடைக்கட்டும். ஒரே தடவையாத் திறந்துருவோம்."

அவர் சிரிக்கவில்லை. படித்தவர். வெளியே வந்ததும் என் மனைவி மாஹ்ருக் பஸ் நிலையம் வரைக்கும் அழுதாள். பஸ்ஸில் ஏறியதும் மாதுளம்பழம் தின்றாள்.

இந்த நோட்டு மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது, எதையாவது எழுதுவோம் என்று தோன்றியது. நான் கீழக்கரையில் ஆறாம் வகுப்பு வரை போனவன். தமிழ் மட்டும்தான் தடங்கல் இல்லாமல் எழுத வரும். இந்த ஷூராப்பில் அதைப் படிக்க ஒரு ஆளும் இல்லை, அது இன்னொரு வசதி. இவர்கள் பேசுவது பார்சி, அதாவது பாரசீக பாஷை. நான் அதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதிக்கொள்கிறேன். அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது.

ஷூராப் என்றால் உப்புத்தண்ணீர். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்ட ஊர். ஒரு கடைத்தெரு, இரண்டு பெட்ரோல் பங்கு, சுற்றிலும் மாதுளைத் தோட்டம், அதற்கு அப்பால் மண். ரோடு போடும் கம்பெனியில் சமையல்காரனாக வந்தேன். ரோடு முடிந்தது, கம்பெனி போனது, நான் மாஹ்ருக்கைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டேன். நாற்பத்தோரு வருஷம். கல்யாணமோ மௌத்தோ, பெரிய பானை வைத்தால் ஆகா நெய்னாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆகா என்றால் ஐயா மாதிரி. வயதில் மூத்தவர்கள் ஹெந்தி என்பார்கள், இந்தியாக்காரன்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஷேக் பமான்அலி வந்தார். பள்ளிவாசல் முல்லா, என் வயசு. இருபது வருஷமாக என்னிடம் தாயம் ஆடித் தோற்கிறவர்.

"ஹெந்தி, ஆபரேஷனுக்கு முன்னால துணிய முடிச்சிரு."

"என்னா துணி?"

"உனக்குத் தெரியாதா? எத்தனை மௌத்துக்குச் சோறு ஆக்கியிருக்க!"

தெரியும். இங்கே ஒரு வழக்கம். ஒரு முழம் வெள்ளைத் துணியில், "இவரிடம் நல்லதைத் தவிர வேறொன்றும் நாங்கள் அறியோம்" என்று எழுதி, நாற்பது பேர் கையெழுத்துப் போடுவார்கள். அதை மையித்தைச் சுற்றும் கபன் துணியோடு சேர்த்துக் குழியில் வைப்பார்கள். எங்கள் கீழக்கரைப் பக்கம் இது கிடையாது. சாதாரணமாக ஆள் போன பிறகு வீட்டார் வாங்குவார்கள். சிலர் உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"எனக்குப் போடுவாங்களா?"

"நீ கிண்டல் பண்ணாத நாப்பது பேரைத் தேடு."

"அதுக்கு நான் ஊர் மாறணும்."

ஷேக் தன் கையாலேயே துணியின் தலைப்பில் அந்த வரியை எழுதினார். மாஹ்ருக்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் ஆளாகப் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினாள். அழுத்திவிட்டு, "இந்த ஒரு விஷயத்துலயாவது வெளையாடாம இருங்க. நாப்பதும் நெறைஞ்சாத்தான் உங்களை மேசையில படுக்க விடுவேன்" என்றாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

ரொட்டிக்கடை யதுல்லாவிடம் ஆரம்பித்தேன். காலை வரிசையில் பதினைந்து பேர் இருந்தார்கள். துணியை விரித்ததும் யதுல்லா அடுப்பிலிருந்து கையை எடுத்தான்.

"ஆகா நெய்னா, என் கல்யாணத்தன்னைக்கு எங்க மாமியாகிட்ட என்ன சொன்னீங்க?"

"மாப்பிள்ளைக்குப் பல்லு சொந்தம் இல்ல, மாவுல செஞ்சதுன்னு."

"அவ முதல் விருந்துல எனக்குக் கஞ்சி ஊத்துனா! மூணு நாள்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே போட்டான். மாவுக்கை பட்டு அவன் பெயர் வெள்ளையில் வெள்ளையாகப் போனது. பேனாவை வாங்கி இன்னொரு தரம் போட வைத்தேன். வரிசையில் நின்றவர்களில் ஆறு பேர் போட்டார்கள். ஒவ்வொருவனும் தன் பங்குக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போட்டான். எனக்கே மறந்துபோன கதைகள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று தெரிந்திருக்கிறது: ஹெந்தி சொல்வதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்க்காரனுக்கு அது தெரியும்.

அக்டோபர் 8, புதன்

பதினொன்று. கால் வீங்கியிருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

மளிகைக் கடை ஹாஜி குர்பான் போட மாட்டேன் என்றார். நியாயம்தான். இங்கே ஆள் இறந்தால் படம் போட்ட நோட்டீஸ் அடித்துச் சுவரில் ஒட்டுவார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஹாஜி வெளியூர் போயிருந்தபோது, அவர் படம் போட்டு நோட்டீஸ் அடித்து அவர் கடைக் கதவிலேயே ஒட்டினேன். திரும்பி வந்தவர் தன் வீட்டு வாசலில் முப்பது செருப்பைப் பார்த்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வழக்கப்படி அல்வாவும் பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டியதாயிற்று. கஞ்சத்தனத்துக்குப் பெயர் போன மனிதர். அன்று அவர் அழுதது உயிரோடு இருப்பதற்காக இல்லை என்று ஊரே சொன்னது.

"போடுறேன். ஆனா ஒரு நிபந்தனை" என்றார். "ஹாஜி குர்பான் கஞ்சன் இல்லன்னு தெருவுல நின்னு சத்தமாச் சொல்லு."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று சொன்னேன். எல்லாரும் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டார்கள். பத்தொன்பது.

அக்டோபர் 12, ஞாயிறு

மாஹ்ருக் துணியை விரித்து வைத்துக்கொண்டு, "ஷம்ஸியோடது எது?" என்றாள்.

"வீட்டு ஆளு எங்க போயிரப்போகுது. கடைசியா வாங்கிக்கலாம்."

ஷம்ஸி என் மனைவியின் தங்கை. ஐம்பத்தி நாலு வயது. பின்கட்டு அறையில் எங்களோடு இருக்கிறாள். பெண்பிள்ளைகள் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் எல்லாருக்கும் கையெழுத்துத் தேவைப்பட்டால் அவள்தான். எனக்குக் கை நடுங்குவதால் தினமும் காலையில் சர்க்கரை ஊசியும் அவள்தான் போடுகிறாள். வலிக்காது.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்றால், ஆகவில்லை. கெர்மானிலிருந்து ஒரு இடம் வந்தது. நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலம். இங்கே பெண் எடுப்பதற்கு முன்னால் தெருவில் வந்து விசாரிப்பார்கள். ரொட்டிக்கடையில், மளிகைக்கடையில், முடிவெட்டும் கடையில். பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று. அப்படிக் கெர்மான்காரர்கள் விசாரித்தபோது நானும் ஏதோ விளையாட்டாகச் சொன்னேன். குறட்டை விடுவாள் என்று சொன்னேன் போலிருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு விளையாட்டுப் புரியாது.

அக்டோபர் 13, திங்கள்

ஊசி போட்ட பிறகு ஷம்ஸியிடம் துணியை நீட்டினேன்.

"இந்தாங்க டீச்சரம்மா. வகுப்புல நான் ஒருத்தன்தான் பாக்கி. பாஸ் போட்டு விடுங்க."

"வச்சிட்டுப் போங்க, ஆகா நெய்னா. படிச்சுப் பாக்குறேன்."

ஒரே ஒரு வரி. அதில் படித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 15, புதன்

துணி என் தலையணைக்கு மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. திறந்து பார்த்தேன். அவள் பெயர் இல்லை.

மாஹ்ருக் கேட்டதற்கு, "கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன்க்கா, தேடிக்கிட்டு இருக்கேன்" என்றாள். கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது. மாஹ்ருக்கும் அதைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஷம்ஸிக்கும் கிண்டல் வருகிறதே என்று நினைத்தேன். அவள் கிண்டல் பண்ணி நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

முஹர்ரம் பத்து நாளில் வந்துவிடும். ஊருக்குச் சோறு ஆக்குகிற பன்னிரண்டு பானைக்கும் இந்த வருஷம் வேறு ஆள். பருப்பை எப்போது போட வேண்டும் என்று கேட்டு வந்தான். இறைச்சிக்கு முன்னால் போடு என்றேன். போய்விட்டான். பிறகு ஆள் அனுப்பிச் சரியாகச் சொல்லிவிட்டேன். பத்து ஊர் சாப்பிடுகிற சோறு, அதில் விளையாடக் கூடாது.

கெர்மான்காரர்களிடம் குறட்டை என்று சொல்லவில்லை என்று இன்றைக்கு ஞாபகம் வந்தது. தூக்கத்தில் நடப்பாள் என்றோ என்னவோ. முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. அந்த வருஷம் வசந்தத்தில்தான் மாஹ்ருக்கை ஊருக்கு அழைத்துப் போனேன். பம்பாய் வரை விமானம், அங்கிருந்து ரயில். மூன்று மாதம் இருந்தோம். உம்மா மருமகளை விட்டு நகரவே இல்லை. பாஷை தெரியாமலே இரண்டு பேரும் சமையலறையில் மணிக்கணக்காகப் பேசினார்கள். நான் ஊருக்குப் போனது அந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷம் உம்மா மௌத்து. அந்த மூன்று மாதத்தை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

இங்கே மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். ஷம்ஸி பார்த்துக்கொண்டாள்.

அக்டோபர் 18, சனி

முப்பத்தொன்பது. ஷேக் பமான்அலி எண்ணிப் பார்த்தார்.

"ஷம்ஸி டீச்சர் பேரு இல்லையே?"

"கண்ணாடியத் தேடுறா."

"பெட்ரோல் பங்குல யாரையாவது பிடிச்சுப் போட வச்சிரு. எண்ணிக்கைதானே. உன்னைத் தெரிஞ்ச மனுசனா இருந்தாப் போதும்."

மனது ஆடியது. போனேன். பங்குக்காரன் பேனாவை வாங்கியும் விட்டான். அவன் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். மாஹ்ருக் எப்படியும் கேட்பாள், அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

வீட்டில் மாஹ்ருக் சொல்லிவிட்டாள்: "அவ பேரு இல்லாம இந்தத் துணி எனக்கு வேணாம். எங்க அம்மாவுக்கு அள்ளிப் போட்டுப் பாத்துக்கிட்ட கை அது. ஊரு போடுறது ஊருக்காக. அவ போடுறதுதான் எனக்கு."

அக்டோபர் 20, திங்கள்

மாஹ்ருக் அடுத்த தெருவுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தாள். ஷம்ஸி முற்றத்தில் உட்கார்ந்து மாதுளம்பழம் உடைத்துக்கொண்டிருந்தாள். சாறு காய்ச்சுவதற்கு இரண்டு கூடை. நானும் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"டீச்சரம்மா, கண்ணாடி கெடச்சுதா?"

"கெடச்சுது."

"அப்ப போட வேண்டியதுதானே."

"அந்த வரிக்குக் கீழ போடச் சொல்றீங்க. நல்லதைத் தவிர வேறொன்றும் அறியோம்."

"எல்லாரும்தானே போட்டாங்க. ஹாஜி குர்பான் போட்டிருக்காரு!"

"ஹாஜிக்கு அறிஞ்சது நோட்டீஸ் மட்டும்தான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பழத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். முத்துகள் பாத்திரத்தில் விழுந்தன. அப்படியே கேட்டாள், காலையில் எத்தனை ரொட்டி வாங்கலாம் என்று கேட்கிற குரலில்:

"ஆகா நெய்னா, ஷூராப்புல எத்தனை இந்தியாக்காரங்க இருக்காங்க?"

"இது என்ன கேள்வி? ஒருத்தன்தான். ஒருத்தனையே ஊரு தாங்கல."

"முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால எத்தனை?"

நான் கையிலிருந்த பழத்தை உடைக்க ஆரம்பித்தேன்.

"கெர்மான்லேர்ந்து அந்தப் பையனோட அத்தை எனக்கு ஒரு கடிதாசி போட்டாங்க. நல்ல மனுசி. 'மகளே, கோவிச்சுக்காத. தெருமுனையில சமையல்காரர் ஒருத்தரு, இந்தியாக்காரரு, பொண்ணுக்கு மாசம் ஒருதரம் வலிப்பு வரும், அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுதுன்னு சொன்னாரு. உடம்பப் பாத்துக்க'ன்னு எழுதியிருந்தாங்க. நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சுது."

"அது வெளையாட்டு, ஷம்ஸி. நான் யாருன்னு தெரியாம கேட்டாங்களா, சும்மா…"

"நானும் பதில் போட்டேன். வலிப்பு எல்லாம் எனக்கு இல்லன்னு. வலிப்பு இருக்கறவ இல்லன்னுதானே எழுதுவா? பதில் வரலை. அதுக்கப்புறம் ரெண்டு இடம் வந்தாங்க. ரெண்டு பேரும் கெர்மான்ல விசாரிச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"யாருகிட்ட? அக்காகிட்டயா? சொன்னா அவளுக்குப் புருஷன் இருந்திருக்க மாட்டாரு. எனக்கு அக்கா இருந்திருக்க மாட்டா." இன்னொரு பழத்தை எடுத்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நான் டீச்சர். தப்புப் பண்ணின பிள்ளை தானா எந்திரிச்சு நிக்கட்டும்னு காத்திருந்து பழக்கம்."

"வெளையாட்டுன்னு சொல்றேன்ல."

"உங்க ரெண்டு பேர் பாஸ்போர்ட்டும் அந்த வாரம்தான் வந்துச்சு, ஆகா நெய்னா. அலமாரிய நாந்தானே தொடைக்கிறவ."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பழம் பாதி உடைத்தபடி என் கையில் இருந்தது. நான்தான் மீதிக் கூடையை உடைத்து முடித்தேன். நகம் எல்லாம் கறுத்துவிட்டது. மாஹ்ருக் வந்து, "அடடா, என்னைக்கும் இல்லாம வேலையெல்லாம் நடக்குது" என்றாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் வழக்கம் போல ஊசி போட்டாள். வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை.

விளையாட்டு என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். குறட்டை என்றும் எழுதியிருக்கிறேன், தூக்கத்தில் நடப்பது என்றும் எழுதியிருக்கிறேன். யாருக்கும் படிக்கத் தெரியாத பாஷையிலும் பொய்தான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அத்தையைக் கையைக் காட்டி அருகில் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்றும் சொன்னேன். ரொட்டிக்கடை யதுல்லாவின் மாமியாரிடம் பல்லைப் பற்றிச் சொன்னபோது தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். விளையாட்டை யாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை.

ஷம்ஸி கெர்மானுக்குப் போயிருந்தால் படுக்கையில் கிடந்த என் மாமியாரை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? மாஹ்ருக்தான். உம்மா மருமகளைப் பார்க்காமலே போயிருப்பாள். இதை நான் யாரிடமும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. நடந்தது இது.

சாயங்காலம் பின்கட்டுக்குப் போனேன். ஷம்ஸி பழைய பள்ளிக்கூடத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவருகே நின்றேன்.

"ஷம்ஸி, நான் வெளையாட்டாச் சொல்லல."

"சரி" என்றாள்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். தாளை அடுக்கினாள். மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். அந்தப் பார்சி வார்த்தையை இங்கே எல்லாரும் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்கிறார்கள், முழங்கை இடித்தாலும் சொல்கிறார்கள். நானும் எத்தனையோ பேரிடம் கண்ணடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். வாயில் வரவில்லை. துணியைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன். போடு என்று கேட்கவில்லை.

அக்டோபர் 22, புதன், யஸ்த்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுகிறேன். நாளைக் காலை முதல் ஆள் நான்தானாம்.

இன்று காலை யதுல்லாவின் மகன் கார் எடுத்து வந்தான். தெருவில் இருபது பேர். ஹாஜி குர்பான் ஒரு பொட்டலம் முந்திரி கொண்டுவந்து கொடுத்தார், திறந்தால் பாதிதான் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் அதை வைத்து யஸ்த் வரை ஓட்டியிருப்பேன். ஷேக், "ஹெந்தி, திரும்பி வந்து தாயத்துல ஒரு தடவையாவது தோத்துட்டுப் போ" என்றார்.

பயணம் போகிறவரின் பின்னால் ஒரு கிண்ணம் தண்ணீரைத் தெருவில் ஊற்றுவது இங்கே வழக்கம், போனவர் நல்லபடி திரும்பி வருவதற்காக. மாஹ்ருக் என்னோடு காரில் இருந்ததால் ஷம்ஸிதான் ஊற்ற வேண்டும். கார் கிளம்பியது. கண்ணாடியில் பார்த்தேன். ஊற்றினாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி ஊற்றினாள்.

மாஹ்ருக் மடியிலிருந்து துணியை எடுத்தாள்.

"ஷம்ஸி கொடுத்தா. போட்டுட்டாளாம். எங்க, காட்டுங்க."

கடைசியில் இருந்தது. மற்றவர்கள் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள். இவள் பெயருக்கு மேல் நாலைந்து வார்த்தை எழுதியிருந்தாள், பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. தலைப்பு வரியிலிருந்து தன் பெயரைப் பிரித்து, நடுவில் ஒரு கோடும் போட்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கா? படிங்க."

எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். மாஹ்ருக்குக்கு எழுத்துத் தெரியாது. நல்லதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்று படித்திருக்கலாம், அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள். வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது.

எழுத்துக் கூட்டி, உள்ளபடியே படித்தேன்.

"'இந்த மனிதரை எனக்குத் தெரியும்.' அப்புறம் அவ பேரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மாஹ்ருக் அந்த எழுத்தை விரலால் தடவினாள். கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? மத்தவங்க எல்லாம் பேரோட விட்டுட்டாங்க. அவ ஒருத்திதான் மனசாரச் சொல்லியிருக்கா. என் தங்கச்சி மாதிரி யாருக்கு வரும்?"

கிண்டலாக ஒரு வார்த்தை தேடினேன். எழுபத்தொரு வயதில் முதல் தடவையாகக் கிடைக்கவில்லை.

மாஹ்ருக் மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினாள். தன் பெருவிரல் மையில் ஆரம்பித்துத் தங்கை பெயரில் முடித்தாள். பிறகு துணியை நாலாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"நாப்பது ஆச்சு" என்றாள்.

முப்பத்தொன்பதுதான் என்று எனக்குத் தெரியும்.